ஆண்ட்ராய்டுக்கு எந்த பூட்லோடர்? டெவலப்மென்ட் போர்டு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கும்பகோணத்தில் என் வீட்டு மாடி அறையில் ஐந்து டெவலப்மென்ட் போர்டுகள், அதாவது சிப்பும் ராமும் ஒரே பலகையில் அமைந்த சிறு கணினிகள், இருக்கின்றன. மூன்றில் ஆண்ட்ராய்டு ஓடுகிறது, ஒன்றில் லினக்ஸ் மட்டும் ஓடுகிறது, ஐந்தாவது மின்விசிறிக் காற்றில் தாள்கள் பறக்காமல் இருப்பதற்காக மேசைமேல் கிடக்கிறது. அதன் சிப் இன்றைக்கும் நல்ல சிப்தான். ராமும் போதுமான அளவு இருக்கிறது. ஆனால் மின்சாரம் வந்ததும் இயங்குதளத்தை ஏற்றி எழுப்பும் நிரலுக்குத்தான் பூட்லோடர் என்று பெயர். அதை விற்றவர்கள் கொடுத்த பூட்லோடருக்குப் பழைய ஆண்ட்ராய்டு ஒன்றை மட்டுமே எழுப்பத் தெரியும். அதன் மூலநிரல் வெளியிடப்படவில்லை. நிறுவனத்தின் கையொப்பமுள்ள நிரலை மட்டும் ஏற்கும்படி சிப்பை நிரந்தரமாகப் பூட்டும் பாதுகாப்பு ஃபியூஸ் தொழிற்சாலையிலேயே எரிக்கப்பட்டிருந்ததால் வேறொரு பூட்லோடரை ஏற்றவும் வழியில்லை. ராம் எவ்வளவு, கோர் எத்தனை என்று மட்டும் பார்த்து வாங்கிய நான் இவற்றில் எதையும் முன்கூட்டி விசாரிக்கவில்லை.

மன்னார்குடி, நீடாமங்கலம் பக்கத்திலிருந்து பொறியியல் மாணவர்கள் சிலர் அவ்வப்போது என்னிடம் வருவதுண்டு. பெரும்பாலும் ஒரே மாதிரியான திட்டத்தோடு வருவார்கள்: மோட்டார் கொட்டகையில் பொருத்துவதற்கு ஒரு தொடுதிரைப் பெட்டி வேண்டும், மும்முனை மின்சாரம் வந்துவிட்டதா, மோட்டார் ஓடுகிறதா, வாய்க்காலில் நீர்மட்டம் என்ன என்பதை அது தமிழில் காட்ட வேண்டும். தமிழ் எழுத்துரு, விசைப்பலகை, தொடுதிரை ஆதரவு எல்லாம் தயாராகக் கிடைப்பதால் ஆண்ட்ராய்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அது நியாயமான முடிவு. போர்டை வாங்கிய பிறகுதான், “எந்த பூட்லோடர் போடுவது, சார்?” என்ற கேள்வி வருகிறது. அதற்குள் விடையில் பாதி முடிந்துபோயிருக்கும். ஆகவே இந்தக் கேள்வியைக் கடைக்குப் போவதற்கு முன்பே எப்படிக் கேட்டுக்கொள்வது என்பதை இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கட்டம் உங்கள் கையில் இருக்கிறது

பூட்லோடர் என்று ஒருமையில் சொன்னாலும் உண்மையில் அது பல கட்டங்களின் வரிசை. மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பைக் கடந்து, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, கடைசியில் ஊர் மதகு வழியாக வயலுக்கு வந்து சேர்வதைப் போல, மின்சாரம் கொடுத்த கணத்திலிருந்து ஒவ்வொரு நிரலும் தன் வேலையை முடித்துவிட்டு அடுத்த நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது. மேட்டூர் மதகு விவசாயியின் கையில் இல்லை. அதுபோலவே இந்த வரிசையின் முதல் கட்டம் உங்கள் கையில் இல்லை.

அந்த முதல் கட்டம் பூட் ரோம். சிப்பைச் செய்யும்போதே அதற்குள் பதிக்கப்படும் இந்த நிரலை மாற்ற முடியாது. எஸ்.டி. கார்டு, இ.எம்.எம்.சி. (போர்டிலேயே பதிந்த சேமிப்புச் சிப்), எஸ்.பி.ஐ. ஃபிளாஷ் (இன்னொரு சிறு சேமிப்புச் சிப்) ஆகியவற்றில் எதை முதலில் பார்ப்பது, அதில் எந்த இடத்திலிருந்து படிப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அடுத்து வருவது ராமை எழுப்பும் சிறு நிரல். யு-பூட் என்னும் பூட்லோடரின் உலகில் இதை எஸ்.பி.எல். என்பார்கள். இது திறந்த மூலமாகவும் இருக்கலாம், நிறுவனம் மூலநிரல் இல்லாமல் தரும் பைனரியாகவும் இருக்கலாம், எடுத்துக்காட்டாக, ஆர்.கே. 3588 சிப்புக்கு ராமை எழுப்பும் பகுதியை ராக்சிப் நிறுவனம் பைனரியாகவே தருகிறது. 64 பிட் ஆர்ம் சிப்களில் இதற்குப்பின் டிரஸ்டெட் ஃபர்ம்வேர் வந்து நினைவகத்தில் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்கிறது. பின்னாளில் இயங்குதளத்தின் மையநிரலான கர்னல் ஒரு கோரை எழுப்பவோ நிறுத்தவோ விரும்பினால் அதனிடம்தான் கேட்கும். இவ்வளவும் முடிந்த பிறகே நாம் பேச்சுவழக்கில் பூட்லோடர் என்று சொல்லும் பெரிய நிரல் வருகிறது. உங்கள் தேர்வுரிமை பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்துக்கு மட்டுமே உரியது. சில போர்டுகளில் அதுவும் இல்லை.

ஆகவே போர்டு ஒன்றைப் பார்த்தவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, பூட்லோடர் அடியோடு கெட்டுப்போனால் பூட் ரோம் வழியாக இதை மீட்க முடியுமா என்பதுதான். ராக்சிப்பில் அந்த வழிக்கு மாஸ்க்ரோம் என்று பெயர், ஆல்வின்னரில் ஃபெல், என்.எக்ஸ்.பி.யின் ஐ.எம்.எக்ஸ். வரிசையில் சீரியல் டவுன்லோடர், குவால்காமில் ஈ.டி.எல். முதல் மூன்றிலும் யூ.எஸ்.பி. கேபிளும் பொதுவில் கிடைக்கும் கருவியும் இருந்தால் பொதுவாகப் போதும். குவால்காமின் வழிக்கு அந்தச் சிப்புக்கென்று கையொப்பமிட்ட நிரல் ஒன்று தேவைப்படும். அது வெளியிடப்பட்டிருந்தால் மட்டுமே அந்த வழி உங்களுக்குப் பயன்படும். மீட்கும் வழி தெளிவாக இல்லாத போர்டை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், கற்றுக்கொள்பவர்கள் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

பூட் ரோம் தேடும் வரிசையும் இங்கே முக்கியம். ஆல்வின்னர் சிப்கள் வழக்கமாக எஸ்.டி. கார்டை முதலில் பார்க்கின்றன. எனவே இ.எம்.எம்.சி.யில் எதைக் கெடுத்துவைத்தாலும் நல்ல கார்டு ஒன்றைச் செருகினால் போர்டு எழுந்துவிடும். ராக்சிப்பின் ஆர்.கே. 3399 எஸ்.பி.ஐ.யையும் இ.எம்.எம்.சி.யையும் பார்த்த பிறகே எஸ்.டி. கார்டுக்கு வருகிறது. இ.எம்.எம்.சி.யில் பாதி மட்டும் சரியான ஒரு பூட்லோடர் இருந்தால், அது தொடங்கி நடுவழியில் நின்றுவிடும். கார்டில் நீங்கள் வைத்திருக்கும் நல்ல பூட்லோடருக்கு முறை வரவே வராது. அப்போது மாஸ்க்ரோம் பொத்தானைத்தான் தேட வேண்டியிருக்கும். அந்தப் பொத்தான் போர்டில் இருக்கிறதா, இல்லை இரண்டு புள்ளிகளை இடுக்கியால் இணைக்க வேண்டுமா என்பதை வாங்கும் முன்பே படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு பூட்லோடரிடம் என்ன எதிர்பார்க்கிறது

சாதாரண லினக்ஸை எழுப்ப பூட்லோடருக்கு மூன்று பொருள்கள் போதும்: கர்னல், டிவைஸ் ட்ரீ (வன்பொருள் விவரப் பட்டியல்), ராம்டிஸ்க் (ராமில் ஏற்றப்படும் தொடக்கக் கோப்புகள்). ஆண்ட்ராய்டு அதற்கு மேலும் பலவற்றை எதிர்பார்க்கிறது, ஒவ்வொரு பதிப்பிலும் அந்த எதிர்பார்ப்பைக் கூட்டிக்கொண்டும் போகிறது. “லினக்ஸ் நன்றாக ஓடுகிறதே, ஆண்ட்ராய்டு ஏன் எழவில்லை?” என்று கேட்பவர்கள் இந்தப் பகுதியில்தான் இடறுகிறார்கள்.

முதலாவது, பூட் இமேஜின் வடிவம். கர்னலையும் ராம்டிஸ்க்கையும் ஒரே கோப்பில் அடுக்கி, அதன் தலைப்பில் ஹெடர் ஒன்றை ஆண்ட்ராய்டு வைக்கிறது. ஆண்ட்ராய்டு 10 காலத்தில் ஹெடரின் பதிப்பு 2. அதில் டிவைஸ் ட்ரீயும் உள்ளேயே இருந்தது. ஆண்ட்ராய்டு 11-இல் பதிப்பு 3 வந்தபோது, சிப்புக்குரிய பகுதிகள் ‘வெண்டார் பூட்’ என்னும் தனிப் பார்ட்டிஷனுக்கு (சேமிப்பகத்தின் ஒரு பிரிவுக்கு) பிரிந்தன. ஆண்ட்ராய்டு 12-இல் பதிப்பு 4 வந்தது. அதோடு அளவுருக்களைத் தனிப் பகுதியாகக் கடத்தும் ‘பூட்கான்ஃபிக்’ என்னும் முறையும் வந்தது. ஆண்ட்ராய்டு 13 பொது ராம்டிஸ்க்கை ‘இனிட் பூட்’ என்னும் இன்னொரு பார்ட்டிஷனுக்கு நகர்த்தியது. ஆக, புதிய ஆண்ட்ராய்டை எழுப்பும் பூட்லோடர் மூன்று பார்ட்டிஷன்களைப் படித்து, வெண்டார் ராம்டிஸ்க்கை முதலிலும் பொது ராம்டிஸ்க்கை அதன் பின்னும் ஒட்டி, அதற்கும் பின்னால் பூட்கான்ஃபிக் பகுதியைச் சேர்த்து, அந்த மொத்தத்தையும் கர்னலிடம் கொடுக்க வேண்டும். பதிப்பு 2 வரை மட்டும் தெரிந்த பூட்லோடரிடம் இதைக் கொடுத்தால், பல வேளைகளில் பிழைச்செய்தி கூட இல்லாமல் நின்றுவிடும். என் ஐந்தாவது போர்டின் கதை இதுதான்.

இரண்டாவது, கர்னலுக்குக் கடத்த வேண்டிய அளவுருக்கள். ‘ஆண்ட்ராய்டுபூட்’ என்னும் முன்னொட்டோடு வன்பொருளின் பெயர், வரிசை எண், நடப்பு ஸ்லாட், பார்ட்டிஷன்கள் இருக்கும் சாதனம் ஆகியவற்றை பூட்லோடர் சொல்ல வேண்டும். பார்ட்டிஷன்கள் எந்தச் சாதனத்தில் உள்ளன என்பதைச் சொல்லும் ‘பூட் டிவைசஸ்’ அளவுரு விடுபட்டால் அல்லது தவறாக இருந்தால், கர்னல் ஒழுங்காக எழுந்து, லாக் முழுவதும் ஓடி, கர்னல் முதலில் ஓட்டும் இனிட் நிரலின் முதல் கட்டத்தில் பார்ட்டிஷனைக் காணவில்லை என்று மறுபடி தொடக்கத்துக்குப் போய்விடும். மாணவர்கள் கர்னலைத்தான் சந்தேகிப்பார்கள். இரண்டு நாள் அதிலேயே கழியும். கர்னல் லாக் வந்து இனிட்டில் விழுந்தால் முதலில் இந்த அளவுருக்களைப் பாருங்கள்.

மூன்றாவது, ஏ/பி ஸ்லாட். ஆண்ட்ராய்டு 7-இலிருந்து இருக்கும் இந்த முறையில் முக்கியமான பார்ட்டிஷன்கள் இரண்டிரண்டு பிரதிகளாக இருக்கும். ஒரு பிரதி ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் புதுப்பிப்பு எழுதப்படும். எந்த ஸ்லாட்டுக்கு முன்னுரிமை, இன்னும் எத்தனை முறை முயலலாம், ஒருமுறையாவது வெற்றிகரமாக எழுந்ததா என்ற விவரங்கள் ‘மிஸ்க்’ பார்ட்டிஷனில் ஒரு சிறு பகுதியாக இருக்கும். ஆண்ட்ராய்டின் மூல வடிவத்தில் முயற்சி எண்ணிக்கைக்கு மூன்று பிட் ஒதுக்கப்பட்டுள்ளதால் அது அதிகபட்சம் 7. வெற்றி என்று குறிக்கப்படாத ஸ்லாட்டை எழுப்பும் ஒவ்வொரு முறையும் பூட்லோடர் இந்த எண்ணில் ஒன்றைக் குறைத்து எழுத வேண்டும். சுழியமானால் மற்ற ஸ்லாட்டுக்குப் போக வேண்டும். குறைத்து எழுதாத பூட்லோடரில் ஏ/பி பெயரளவுக்குத்தான்.

நான்காவது, அதே மிஸ்க் பார்ட்டிஷனில் ஆண்ட்ராய்டு பூட்லோடருக்கு விட்டுச்செல்லும் செய்தி. அடுத்த முறை ரெக்கவரி என்னும் மீட்புச் சூழலுக்குப் போ, ஃபாஸ்ட்பூட்டில் (கணினியிலிருந்து கட்டளையிட்டு பார்ட்டிஷன்களை எழுதும் நிலையில்) நில் என்பவையெல்லாம் அங்கே எழுதப்படும். இதைப் படிக்காத பூட்லோடரில் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கும் வசதி வேலை செய்யாது.

ஐந்தாவது, ஃபாஸ்ட்பூட். ஆண்ட்ராய்டு 10-இலிருந்து ‘சூப்பர்’ என்னும் பெரிய பார்ட்டிஷனுக்குள் சிஸ்டம், வெண்டார் முதலியவை தருக்கப் பார்ட்டிஷன்களாக அடங்குகின்றன. இந்த உட்பிரிவுகள் பூட்லோடருக்குத் தெரியாது. அவற்றை எழுத ‘ஃபாஸ்ட்பூட்டி’ என்னும் நிரல் ஆண்ட்ராய்டு ரெக்கவரிக்குள்ளிருந்து ஓடுகிறது. இரண்டும் கணினியில் ஒரே கட்டளைக்குப் பதில் சொல்வதால் குழப்பம் வரும். எதோடு பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று தெரியாவிட்டால் ‘ஃபாஸ்ட்பூட் கெட்வார் இஸ்-யூசர்ஸ்பேஸ்’ என்று கேளுங்கள். ‘எஸ்’ என்றால் ஃபாஸ்ட்பூட்டி, ‘நோ’ என்றால் பூட்லோடர்.

ஏற்றும் இமேஜ்களின் கையொப்பத்தைச் சோதித்த பிறகே எழுப்பும், சரிபார்க்கப்பட்ட பூட் என்னும் ஏ.வி.பி. பற்றிப் பின்னால் சொல்கிறேன். கற்கும் கட்டத்தில் அது தேவையில்லை.

கிடைக்கும் பூட்லோடர்கள்

யு-பூட்டில் தொடங்குகிறேன், ஏனென்றால் பத்தில் எட்டு முறை நான் பரிந்துரைப்பது அதைத்தான். வுல்ஃப்காங் டெங்க் என்பவர் பவர்பி.சி. சிப்களுக்காகத் தொடங்கிய திட்டம், 2002-இல் பிற சிப்களையும் சேர்த்துக்கொண்டு யு-பூட் என்ற பெயரைப் பெற்றது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு நீர்மூழ்கிக் கப்பல் என்று பொருள். இன்று ராக்சிப், ஆல்வின்னர், ஆம்லாஜிக், என்.எக்ஸ்.பி., டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆகியவற்றின் போர்டுகள் பலவற்றில் அதுவே இயல்பான தேர்வு. ஃபாஸ்ட்பூட் யூ.எஸ்.பி. வழியாக மட்டுமல்லாமல் நெட்வொர்க் வழியாகவும் அதில் வேலை செய்கிறது. ஏ/பி தேர்வு, மிஸ்க் செய்தி, ஏ.வி.பி. ஆகிய மூன்றுக்கும் கட்டளைகள் உள்ளன. பூட் இமேஜின் 3, 4 பதிப்புகளுக்கான ஆதரவு 2023-இல் சேர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. “எங்கள் போர்டில் யு-பூட் இருக்கிறது” என்று விற்பவர் சொல்வதில் அரைகுறைத் தகவலே இருக்கிறது. யு-பூட்டின் பதிப்பு எண் ஆண்டும் மாதமுமாக அமையும், 2017.09 என்றால் அது 2017 செப்டம்பரில் வெளிவந்தது. சிப் நிறுவனங்கள் பழைய பதிப்பு ஒன்றை எடுத்து, தங்கள் மாற்றங்களைச் சேர்த்து, பல ஆண்டுகள் அதையே பிடித்துக்கொண்டிருப்பது வழக்கம். ராக்சிப்பின் கிளை 2017.09 அடிப்படையிலானது. அப்படிப்பட்ட கிளை மோசமானது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிப்புக்கு அந்த நிறுவனமே வெளியிடும் ஆண்ட்ராய்டை ஓட்டுவதாக இருந்தால் அந்தக் கிளைதான் சரியான தேர்வு, ஏனென்றால் இரண்டும் ஒன்றோடொன்று சோதிக்கப்பட்டவை. திரையில் தொடக்கப் படம் வருவது, மின்கலம் ஏறுவது போன்றவையும் அதில்தான் ஒழுங்காக இருக்கும். நீங்களே ஏ.ஓ.எஸ்.பி. என்னும் ஆண்ட்ராய்டின் திறந்த மூலத்திலிருந்து புதிய ஆண்ட்ராய்டைக் கட்டப்போகிறீர்கள் என்றால் மட்டும் யு-பூட்டின் முதன்மை மூலத்தில் உங்கள் போர்டுக்கான உள்ளமைவுக் கோப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ஆம்லாஜிக் ஏ311டி சிப் கொண்ட கடாஸ் விம் 3 இந்த வழிக்கு நல்ல எடுத்துக்காட்டு, ஏ.ஓ.எஸ்.பி. மூலத்தில் அதற்கு இடம் இருந்தது, பூட்லோடரும் முதன்மை யு-பூட்.

எல்.கே. என்னும் லிட்டில் கர்னல் டிராவிஸ் கைசல்பிரெக்ட் எழுதியது, எம்.ஐ.டி. உரிமம் கொண்டது. குவால்காம் தன் பழைய சிப்களில் இதைத்தான் ஆண்ட்ராய்டு பூட்லோடராக்கியது. 2015-இல் வந்த டிராகன்போர்டு 410சி இதில் எழுவது. குவால்காமின் பிற்காலச் சிப்களில் யூ.ஈ.எஃப்.ஐ. (கணினிகளில் பயாஸுக்குப் பதிலாக வந்த ஃபர்ம்வேர் தரம்) அடிப்படையிலான எக்ஸ்.பி.எல்., அதன்மேல் ஏ.பி.எல். என்னும் ஆண்ட்ராய்டு பூட்லோடர் என்று வரிசை மாறிவிட்டது. இவ்வகைப் போர்டில் உள்ளதை மாற்ற முனையாதீர்கள். யு-பூட்தான் வேண்டுமென்றால், அதையே ஒரு பூட் இமேஜாகக் கட்டி, ஏற்கெனவே இருக்கும் பூட்லோடரைக் கொண்டு ஏற்றிக்கொள்ளலாம். மதகுக்குக் கீழே இன்னொரு மதகு வைப்பது போன்ற ஏற்பாடுதான். ஆனால் மேலுள்ளதற்குச் சேதமில்லை.

ஈ.டி.கே. 2 என்னும் யூ.ஈ.எஃப்.ஐ. செயலாக்கம் ஹைகீ 960 போன்ற போர்டுகளில் ஆண்ட்ராய்டை எழுப்பியது. கூகுள் இப்போது முன்வைக்கும் பொது பூட்லோடரான ஜெனரிக் பூட்லோடரும் (GBL) யூ.ஈ.எஃப்.ஐ. மீது ஓடும் பயன்பாடுதான். எனவே இந்தத் திசையில் கண் வைத்திருப்பது நல்லது. பழைய மடிக்கணினியிலோ இன்டெல் போர்டிலோ ஆண்ட்ராய்டு எக்ஸ்86-ஐ ஓட்டுபவர்களுக்கு, லினக்ஸ் கணினிகளில் வழக்கமாக இருக்கும் கிரப் பூட்லோடர் போதும். அங்கே தேர்வு என்று பெரிதாக ஒன்றும் இல்லை.

ராஸ்பெரி பையைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. பை 4-இல் எஸ்.பி.ஐ. ஈப்ராமில் இருக்கும் நிரல், கார்டின் ஃபேட் பார்ட்டிஷனிலிருந்து ஃபர்ம்வேரையும் ‘கான்ஃபிக்’ உரைக்கோப்பையும் படித்து நேராகக் கர்னலை ஏற்றுகிறது. அதற்கு ஃபாஸ்ட்பூட் தெரியாது, ஆண்ட்ராய்டின் ஸ்லாட் கணக்கும் தெரியாது. லினேஜ் ஓ.எஸ். அடிப்படையிலான ஆர்வலர் வெளியீடுகள் இதோடு ஒத்துப்போகும்படி செய்யப்பட்டவை. மேசையில் வைத்துப் பழக அவை போதும். ஸ்லாட்டும் ஃபாஸ்ட்பூட்டும் வேண்டுமென்றால் அந்த கான்ஃபிக் கோப்பில் கர்னலுக்குப் பதிலாக யு-பூட்டைக் குறிப்பிட்டு, மற்றதை அதனிடம் விட்டுவிடலாம்.

உரிமத்தையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன்: யு-பூட்டின் உரிமம் குனூ பொது உரிமம் (GPL); பெட்டியை விற்கப்போகிறீர்கள் என்றால், வாங்கியவர் கேட்கும்போது உங்கள் மாற்றங்களோடு கூடிய மூலத்தைத் தர வேண்டும். எல்.கே.யும் ஈ.டி.கே. 2-உம் அந்தக் கடமையை விதிப்பதில்லை.

பார்ட்டிஷன் அட்டவணையோடு மோதுகிறதா

இதைத் தனியாகச் சொல்லக் காரணம், யாரும் இதை முன்கூட்டிக் கணக்கிடுவதில்லை என்பதே. ஆண்ட்ராய்டுக்கு இருபது, முப்பது பார்ட்டிஷன்கள் தேவைப்படுவதால் எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஜி.பி.டி. அட்டவணை கட்டாயமாகிறது. வழக்கமான ஜி.பி.டி.யில் 128 பதிவுகள், ஒவ்வொன்றும் 128 பைட். ஒரு செக்டர் 512 பைட் என்று கொண்டால், 2-ஆம் செக்டரிலிருந்து 33-ஆம் செக்டர் வரை அது பிடித்துக்கொள்ளும். ஆல்வின்னர் பூட் ரோம் எஸ்.பி.எல்.லை 8 கிலோபைட்டில், அதாவது 16-ஆம் செக்டரில் தேடுகிறது. இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடுகின்றன. பூட்லோடரை எழுதினால் அட்டவணை கெடும். ஃபாஸ்ட்பூட் வழியாக அட்டவணையை எழுதினால் அடுத்த முறை போர்டு எழாது.

இதற்கு இரண்டு தீர்வுகள் உண்டு. அட்டவணையின் பதிவுகளை 56-ஆகக் குறைத்துக்கொண்டால் அது 15-ஆம் செக்டரோடு முடிந்துவிடும். ஆண்ட்ராய்டுக்கு 56 தாராளம். அல்லது, 128 கிலோபைட்டிலும் தேடும் பிற்கால ஆல்வின்னர் சிப்பாக இருந்தால் அங்கே எழுதலாம். ராக்சிப்பில் முதல் கட்டம் 64-ஆம் செக்டரிலும் யு-பூட்டின் பெரிய பகுதி வழக்கமாக 16384-ஆம் செக்டரிலும் இருப்பதால் அட்டவணையோடு மோதல் இல்லை. ஆனால் முதல் பார்ட்டிஷன் எங்கே தொடங்குகிறது என்பதை அங்கேயும் சரிபார்க்க வேண்டும்.

மோட்டார் கொட்டகையில் பூட்லோடர்

மேசைமேல் ஒழுங்காக இருக்கும் போர்டு கொட்டகைக்குப் போனவுடன் வேறு போர்டாகிவிடுகிறது. மோட்டார் எடுக்கும் நொடியில் வோல்டேஜ் இறங்குகிறது. மின்சாரம் வருவதும் போவதும் நம் கணக்கில் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபின், கடலோரக் கிராமங்கள் பலவற்றில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. அது எப்போதாவது வருவது. புதுப்பிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது ஐந்து விநாடி மின்சாரம் போவது அன்றாடம் நடப்பது. எனவே இந்த வட்டாரத்தில் வைக்கப்போகும் பெட்டிக்கு ஏ/பி ஸ்லாட்டைக் கையாளத் தெரியாத பூட்லோடரை நான் ஏற்பதில்லை, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும்.

யு-பூட்டைத் தேர்ந்தெடுத்தால் அதன் சூழல் மாறிகளை (அது சேமித்துவைக்கும் அமைப்புகளை) இரண்டு பிரதிகளாகச் சேமிக்கும் வசதியை உள்ளமைவில் இயக்கிக்கொள்ளுங்கள். ஒன்றை எழுதும்போது மின்சாரம் போனால் மற்றது காப்பாற்றும். போர்டு உறைந்தால் தானாக மறுதொடக்கம் செய்யும் வாட்ச்டாக் பூட்லோடரிலேயே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் கர்னல் தொடக்கத்தில் உறைந்துபோகும் பெட்டி, யாராவது போய் அணைத்துப் போடும்வரை அப்படியே நிற்கும். ஸ்லாட் முயற்சி எண்ணிக்கையும் குறையாது.

இன்னொன்று, நானே பட்டுத் தெரிந்துகொண்டது. நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கொட்டகையில் வைத்த பெட்டி வாரத்துக்கு இரண்டு முறை கறுப்புத் திரையோடு நின்றது. வீட்டுக்குக் கொண்டுவந்தால் நாள்கணக்கில் ஒழுங்காக ஓடும். கடைசியில், போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் கேபிளோடு கொட்டகையிலேயே உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது: கேபிள் இணைக்கப்படாத சீரியல் பின், ஸ்டார்ட்டர் விழும்போதெல்லாம் எழும் மின் இரைச்சலை வாங்கி, அதை யாரோ விசையை அழுத்தியதாக யு-பூட்டிடம் சொல்லியிருக்கிறது. யு-பூட்டும் ஆண்ட்ராய்டை எழுப்புவதை நிறுத்திவிட்டுக் கட்டளைக்காகப் பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சொல்லைத் தட்டினால் மட்டுமே நிற்கும்படி உள்ளமைவை மாற்றினேன். பின்னில் புல்-அப் ரெசிஸ்டர் ஒன்றும் வைத்தேன். அதன்பின் அந்தத் தொல்லை இல்லை.

சோதித்துப் பார்க்கும் முறை

சீரியல் கேபிள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம். திரையில் எதுவும் வருவதற்கு முன்பே நடந்து முடியும் வேலையை வேறு எப்படிப் பார்ப்பது? பெரும்பாலான போர்டுகளில் வேகம் விநாடிக்கு 115200 பிட்; ராக்சிப் போர்டுகளில் வழக்கமாக 1500000. மலிவான அடாப்டர்கள் சில இந்த வேகத்துக்கு வராது: சி.பி. 2102 சிப் விநாடிக்கு 10 லட்சம் பிட்டோடு நின்றுவிடும், எஃப்.டி. 232ஆர் 30 லட்சம் வரை போகும். ரிச்சி தெருவில் வாங்கிய பழைய அடாப்டரை வைத்துக்கொண்டு, குப்பையாக வந்த எழுத்துகளைப் பார்த்து, போர்டுதான் கெட்டுப்போயிற்று என்று ஒரு மாலை முழுவதும் நினைத்திருந்தவன் நான்.

கேபிள் வேலை செய்கிறது என்று தெரிந்ததும், போர்டில் இருப்பதை அப்படியே பிரதி எடுத்துவையுங்கள், இ.எம்.எம்.சி.யின் பூட் பகுதிகள் இரண்டையும் அதில் சேர்க்க மறக்க வேண்டாம். அடுத்து, மீட்கும் வழியை ஒருமுறை வேண்டுமென்றே நடத்திப் பாருங்கள். பொத்தானை அழுத்தி மாஸ்க்ரோமுக்கோ ஃபெல்லுக்கோ போய், கணினி அதைக் காண்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்புங்கள். கெட்டுப்போன பிறகு முதன்முறையாக அந்தப் பொத்தானைத் தேடுவது நல்ல அனுபவமன்று.

புதிய பூட்லோடரை முதலில் எஸ்.டி. கார்டிலிருந்தோ, யூ.எஸ்.பி. வழியாக ராமுக்கோ ஏற்றி ஓட்டுங்கள். அது நிலையாக எழுந்தால் ஃபாஸ்ட்பூட்டில் நிறுத்தி, ‘கெட்வார் ஆல்’ கட்டளையால் ஸ்லாட் எண்ணிக்கை, நடப்பு ஸ்லாட், ஒரே தடவையில் ஏற்கக்கூடிய அளவு ஆகியவற்றைப் படியுங்கள். ஸ்லாட் எண்ணிக்கை 2 என்று வராவிட்டால் ஏ/பி இன்னும் இயங்கவில்லை. அதன்பிறகே இ.எம்.எம்.சி.யில் எழுதுங்கள், பிறகு ஆண்ட்ராய்டை ஏற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு எழுந்தவுடன் வேலை முடிந்ததாக எண்ணாமல், வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். நடப்பில் இல்லாத ஸ்லாட்டின் பூட் பார்ட்டிஷனில் வெறும் சுழியங்களை எழுதி, அதையே அடுத்த ஸ்லாட்டாகக் குறித்து, போர்டை மறுபடி தொடங்குங்கள். பூட்லோடர் முயன்று தோற்று, தானாகப் பழைய ஸ்லாட்டுக்குத் திரும்பி வர வேண்டும். வரவில்லையென்றால் அந்த பூட்லோடர் இன்னும் கொட்டகைக்குத் தயாராகவில்லை. அடுத்து, புதுப்பிப்பு எழுதப்படும்போது பிளக்கைப் பிடுங்குங்கள். வெவ்வேறு கணங்களில் இருபது முறையாவது பிடுங்கிப் பார்ப்பது என் வழக்கம். பூட்லோடரையே புதுப்பிக்கும் வேலையை மட்டும் தொலைவிலிருந்து செய்யாதீர்கள். ஆண்ட்ராய்டின் ஸ்லாட்டுகள் பொதுவாக அதற்குப் பாதுகாப்பு தருவதில்லை. இ.எம்.எம்.சி.யில் இரண்டு பூட் பகுதிகள் இருந்தாலும், ஒன்று கெட்டால் மற்றதுக்கு மாறுவது சிப்பைப் பொறுத்தது.

ஏ.வி.பி.யைக் கடைசியில்தான் இயக்க வேண்டும். அது வரையில் போர்டைத் திறந்த நிலையில் வைத்து, சரிபார்ப்பை நிறுத்திய வி.பி.மெட்டா (சரிபார்ப்புத் தகவல்கள் அடங்கிய) இமேஜோடு வேலை செய்யலாம். ஏ.ஓ.எஸ்.பி.யோடு வரும் சோதனைச் சாவிகள் உலகம் முழுவதற்கும் தெரிந்தவை. அவற்றால் கையொப்பமிட்ட பெட்டியைப் பூட்டியிருப்பதாகச் சொல்ல முடியாது. சொந்தச் சாவியை உருவாக்கி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். சிப்பின் பாதுகாப்பு ஃபியூஸை எரிப்பது இதைவிட ஒரு படி மேல். எரித்ததைத் திரும்பப் பெற முடியாது, சாவி தொலைந்தால் போர்டும் தொலைந்தது. பத்துப் பெட்டிக்கும் குறைவாகச் செய்பவர்கள் அதைத் தொடாமல் விடுவதே மேல் என்று நினைக்கிறேன்.

எல்லாம் முடிந்து பெட்டியை மூடுவதற்கு முன், பூட்லோடரின் பெயரும் பதிப்பும், சீரியல் வேகம், பூட்லோடர் எழுதப்பட்டுள்ள செக்டர், மீட்புப் பொத்தான் இருக்கும் இடம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிடுங்கள். கரையாத மையால் எழுதுங்கள். ஐப்பசியில் கொட்டகைக்குள்ளும் சாரல் அடிக்கும்.